சாலை வந்தது, கடைசி பஸ் போனது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிற்றூர்ச் சாலைகளுக்கு இன்னும் நிதி ஒதுக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். நான் குடியிருப்பது பெங்களூரு அல்சூரில்; சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கம். நிதி வரட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் எங்கள் பக்கத்தில் தார்ச் சாலை வந்தே வருஷக்கணக்காகிறது. இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்னும் அதன்மேல் ஓட ஒரு பஸ் இல்லை. தலையங்கம் இதைத் தொடவே இல்லை என்பதால்தான் இக்கடிதம்.

பெங்களூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்கள் ஓசூர், கிருஷ்ணகிரி, மத்தூர் வழியாக ஊத்தங்கரைக்கு வருகின்றன. சுமார் 140 கிலோமீட்டர். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு கிளம்பும் சென்ட்ரிங் ஆட்களும் கம்பி கட்டுபவர்களும், சில்க் போர்டு, அத்திப்பள்ளி நெரிசலையெல்லாம் தாண்டி ஊத்தங்கரை பஸ் நிலையத்தில் இறங்க மணி ஒன்பதைத் தாண்டிவிடும். அங்கிருந்து ஊருக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ் போய்விட்டிருக்கும். ஆட்டோக்காரர் கேட்கும் தொகை பெங்களூரிலிருந்து வந்த டிக்கெட்டைவிடக் கூட இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது, திரும்பும்போது காலியாகத்தானே வர வேண்டும்? ஊரிலிருந்து யாராவது பைக் எடுத்து வந்தால் உண்டு. தனியாக வரும் பெண்கள் என்றால் அந்தப் பயணத்தையே மறுநாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது: நைட் ஹால்ட் பஸ். கடைசி நடையாகக் கிராமத்துக்கு வரும் பஸ் அங்கேயே நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸிலோ கோயில் திண்ணையிலோ படுப்பார்கள். விடியற்காலை அதே பஸ் முதல் நடையாகக் கிளம்பும். கடைசி பஸ், முதல் பஸ் இரண்டும் ஒரே வண்டியில் கிடைத்துவிடும்; டீசலை வீணடித்துப் பணிமனைக்கு வெற்று வண்டியை ஓட்டவும் வேண்டாம். காய்கறி மூட்டை, பூக்கூடை, பால் கேன் எல்லாம் அந்த முதல் நடையை நம்பித்தான் இருந்தன. பல தடங்களில் இன்று அது நின்றுவிட்டது. ஏன் என்று ஒரு கண்டக்டரைக் கேட்டேன். “வசூல் பணத்தை வச்சிக்கிட்டு எங்க சார் படுக்கிறது? காலையில ஒதுங்கக்கூட இடமில்ல” என்றார். நியாயமான பதில். ஊராட்சி நினைத்தால் ஒரு அறை, ஒரு கழிப்பறை, ஒரு விளக்கு கொடுக்க முடியாதா? சாலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

முதல் பஸ் இல்லாத கஷ்டம் நோயாளிகளுக்குத்தான் அதிகம். 2022-ல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகருக்குள் இல்லை, போலுப்பள்ளியில் இருக்கிறது. கிராமத்திலிருந்து ஊத்தங்கரை, அங்கிருந்து கிருஷ்ணகிரி, பிறகு போலுப்பள்ளி என்று மாறி மாறிப் போய், காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்க வேண்டும். முதல் பஸ்ஸே எட்டு மணிக்கு என்றால் டாக்டரைப் பார்ப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம்தான், ஆனால் பஸ் வந்தால்தானே ஏற முடியும்?

மினி பஸ் இந்த இடத்தை நிரப்பும் என்கிறார்கள். 1997-ல் வந்த பழைய திட்டத்தில் தடம் 20 கிலோமீட்டர்தான். பஸ் ஏற்கெனவே ஓடும் சாலையில் 4 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. டவுன் வரை வர முடியாமல் கூட்ரோட்டில் ஆளை இறக்கிவிட்ட வண்டிகள் கட்டுப்படியாகாமல் நின்றுபோயின. 2025 ஜூனில் தஞ்சையில் தொடங்கிவைத்த புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். அதில் 65 சதவீதம் பஸ் இல்லாத சாலையாக இருக்க வேண்டும். முன்னேற்றம்தான். ஆனாலும் எவ்வளவு தூரம் என்பதில் காட்டிய அக்கறையை எத்தனை மணிக்கு என்பதிலும் காட்ட வேண்டும். பகல் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஓடும் வண்டியால் பெங்களூரிலிருந்து வருபவனுக்கும் பயனில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும் பயனில்லை.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரதமரின் கிராம சாலைத் திட்டச் சாலைகளின் தார் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர், போக்குவரத்து குறைவு என்றால் 3 மீட்டர்தான். எதிரே கிரானைட் லாரி வந்தால் பஸ் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். அந்த ஓரத்து மண் மழையில் அரித்துப்போய், தார் விளிம்பு ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. மிச்ச இடத்தில் சீமைக்கருவேல முள். நடுவில் குழி விழுந்தால் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். ஓரம் சரிந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, ராத்திரியில் பைக் ஓட்டுபவர்கள் விழுவதோ அங்கேதான். சாலை போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி, அதற்கான பலகையும் நிற்கிறது. அந்த ஐந்து வருஷத்துக்குள் ஓரத்துக்கு மண் அணைத்து, முள்ளை வெட்டினாரா என்று கேட்க ஊராட்சிக்கு வாய் வேண்டும்.

போக்குவரத்துத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். மினி பஸ் அனுமதியிலேயே, தடத்தின் கடைசிக் கிராமத்தில் வண்டி இரவு தங்க வேண்டும், பெங்களூரு பஸ் வந்து சேர்ந்த பிறகே கடைசி நடை கிளம்ப வேண்டும், காலை ஆறு மணிக்குள் முதல் நடை புறப்பட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அந்த நேரங்களை ஊத்தங்கரை பஸ் நிலையச் சுவரில் பெயின்ட்டில் எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஊத்தங்கரைப் பக்கத்து வாசகர்,
அல்சூர், பெங்களூரு.