டச்பேடைக் கைக்கு ஏற்ப அமைத்துத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் முக்கூடலில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறவள். சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் இப்போது லேப்டாப்பில்தான் பதிகிறோம். எக்செலில் பதிவதைக் குழுப் பெண்களுக்கு நானே கற்றுத் தருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றுகிறவர்கள். அவர்களுடைய விரல்களுக்கும், விசைகளுக்குக் கீழே விரலால் கர்சரை நகர்த்தும் பட்டையான லேப்டாப்பின் டச்பேடுக்கும் நடக்கும் போராட்டத்தைத் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுளகை மடியில் வைத்து, இலை நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி உழைத்த கைகள் அவை. விரல் நுனி காய்த்து வழவழப்பாகிவிட்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் ரேகை விழாமல் அலைந்தவர்கள் இவர்களில் உண்டு. டச்பேடுக்கு ரேகை தேவையில்லை. விரல் பட்டதும் அதன் பரப்பில் ஏற்படும் மின்மாற்றத்தைக் கொண்டுதான் அது வேலை செய்கிறது. ஆனால் உலர்ந்து தடித்த விரல் மெல்லத் தட்டினால் சில நேரம் அதற்குத் தெரிவதே இல்லை. ஓங்கித் தட்டினால் ஒரு தட்டல் இரண்டாகிறது. இரண்டாவது தட்டலோடு விரல் சற்று நகர்ந்தாலும் பக்கத்துக் கட்டங்கள் சேர்ந்து தேர்வாகிவிடும். அந்த நேரம் டெலீட் விசையில் கை பட்டால் ஒரு வாரச் சந்தா போயிற்று.

லேப்டாப் வாங்கிய கடையில் கேட்டோம். வயதானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், மவுஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் கூட்டம் நடப்பது கோயில் மண்டபத்தில், தரையில் உட்கார்ந்து. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மவுஸை எங்கே உருட்டுவது?

போன மாதக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா நிதானமாகப் பதிந்துகொண்டிருந்தார். களைத்த கையை டச்பேடின் மேல் வைத்துக் கீழ்நோக்கி இழுத்திருக்கிறார். மூன்று விரல்கள் பட்டிருக்கின்றன. திறந்திருந்த பக்கமெல்லாம் மறைந்து வெறும் நீலத்திரை வந்துவிட்டது. “நான் எதையோ அழித்துவிட்டேன் மகளே” என்று கையை இழுத்துக்கொண்டார். அதன்பின் எவ்வளவு சொல்லியும் அன்று தொடவில்லை. ஒன்றுமே அழியவில்லை. விண்டோஸ் 11-இல் மூன்று விரலைக் கீழே இழுத்தால் எல்லாம் ஒதுங்கி டெஸ்க்டாப் தெரியும். அதே மூன்று விரலை மேலே தள்ளினால் திரும்ப வந்துவிடும். இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை என்பதுதான் எனக்கு வேதனை.

செட்டிங்ஸில் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ என்பதைத் திறந்து, அதில் ‘டச்பேட்’ என்பதைத் தொட்டால் இவற்றை மாற்றும் வசதிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மூன்று விரல், நான்கு விரல் இழுப்புகளை ‘நத்திங்’ என்று மாற்றிவிட்டேன். தட்டினால் கிளிக் ஆவதையும், இருமுறை தட்டி இழுப்பதையும் எடுத்துவிட்டேன். இப்போது டச்பேடின் கீழ்ப்பகுதியை அழுத்தினால்தான் கிளிக். அழுத்துவது அவர்களுக்குச் சுலபம். அழுந்தியது விரலுக்கும் தெரிகிறது. இரண்டு விரல் விலகினால் எழுத்து பெரிதாவதையும் நிறுத்தினேன். பக்கம் நகரும் திசையைச் செல்போனில் நகர்வதுபோலவே வைத்தேன், ஏனென்றால் அவர்கள் கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. சென்சிட்டிவிட்டி என்ற அளவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விரல் பட்டு உணரவில்லையே என்று பலரும் அதை மிக அதிகத்துக்கு ஏற்றுகிறார்கள். டைப் செய்த கையோடு தற்செயலாகப் படும் தொடுதலை டச்பேட் எந்த அளவுக்குப் பொருட்படுத்தாமல் விட வேண்டும் என்பதுதான் அங்கே முக்கியமாகத் தீர்மானிக்கப்படுகிறது. ஏற்றினால் உள்ளங்கை பட்டாலே கர்சர் தாவும். எங்கள் பெண்களுக்கு ‘லோ’தான் சரியாக வந்தது.

செட்டிங்ஸைத் தொட்டால் கணினி கெட்டுவிடும் என்ற பயம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதே பக்கத்தில் ‘ரீசெட்’ என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எத்தனையோ வீடுகளுக்கு முதல் லேப்டாப் வந்தது. பிள்ளைகள் படித்து முடித்தபின் அவற்றைத் தாய்மார்கள் எடுத்துப் பயன்படுத்திய வீடுகள் எனக்குத் தெரியும். பழைய லேப்டாப்களில் நான் சொன்ன பக்கம் முழுமையாக இருக்காது. டச்பேடுடன் வந்த தனி மென்பொருளில்தான் தேட வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க அந்தத் தாய்மாரால் முடியுமா? விற்கிறவர்களும் பயிற்சி தருகிறவர்களும்தான் செய்து தர வேண்டும். எம்எஸ் வேர்டில் தொடங்கும் பயிற்சி வகுப்புகள் முதல் நாளை டச்பேடுக்கு ஒதுக்கட்டும். ஒவ்வொருவர் கையையும் அதில் வைக்கச் சொல்லிப் பார்த்து, அந்தக் கைக்குப் பொருந்துமாறு மாற்றிக் கொடுக்கட்டும். கடைக்காரர்கள் பெட்டியைப் பிரித்துக் காட்டும்போதே இதைச் செய்யலாம். ஐந்து நிமிட வேலை.

உங்கள் நாளிதழிலும் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இந்த மாற்றங்களைப் பெரிய எழுத்தில், படங்களுடன் ஒருநாள் வெளியிட வேண்டுகிறேன். வெளியானால் வெட்டி எடுத்து எங்கள் குழுக்களுக்கெல்லாம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
சுய உதவிக் குழுக் கணக்காளர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.