'மிஸ் டூலிட்டில்' என்று கதவைத் திறந்தவருக்கு

நேற்று இரவு கடைசிக் காட்சி முடிந்தது. தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது. ஆனாலும் நன்றி சொல்வதை நாளைக்கு என்று தள்ளிப்போட மனம் வரவில்லை. எலைசா வேடத்துக்கு ஆள் இல்லாமல் எங்கள் நாடகக் குழுவின் 'பிக்மேலியன்' நின்றுபோகிற நிலைக்கு வந்தது. பூ விற்கும் ஏழைப் பெண் எலைசாவுக்கு, உச்சரிப்பு வல்லுநர் ஹிக்கின்ஸ் உயர்குடிப் பேச்சைக் கற்றுக்கொடுக்கும் பெர்னார்ட் ஷா நாடகம் அது. அந்த நிலை எப்படி வந்தது என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அதை மறுபடி கிளற வேண்டாம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த நான் எலைசா டூலிட்டிலாக மேடையில் நின்றேன். நாடகம் நடந்தது. அதை நடக்க வைத்தவர்களுக்கு இந்த மடல்.

எல்லாருக்கும் சேர்த்து முதலில் ஒரு கும்பிடு. எலைசாவின் உடைகளைப் பிரித்து என் அளவுக்குத் தைத்துக் கொடுத்த அக்காவுக்கு. ஒத்திகை நாட்களில் என் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, தூங்கவும் வைத்த எதிர்வீட்டுக்காரர்களுக்கு. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் காத்திருந்த ஒவ்வொருவருக்கும். தன் ஹிக்கின்ஸை எனக்காக மறுபடி முதலிலிருந்து ஒத்திகை பார்த்தவருக்கு. அப்புறம், ஹிக்கின்ஸின் நண்பர் கர்னல் பிக்கரிங்காக நடித்த பெரியவருக்கு. எலைசாவுக்குப் பதினெட்டோ இருபதோதான் இருக்கும் என்று பெர்னார்ட் ஷா எழுதியிருக்கிறாரே, எனக்கு நாற்பது தாண்டிவிட்டதே என்று நான் தயங்கியபோது, 1914 ஏப்ரலில் இந்த லண்டனில் முதன்முதலாக எலைசாவாக நடித்த மிசஸ் பாட்ரிக் கேம்பெலுக்கு அப்போது வயது 49 என்று சொன்னார். அதற்குப் பிறகு என் வயதைப் பற்றி நான் பேசவே இல்லை.

இனி நான் சொல்ல வேண்டியது ஒருவரைப் பற்றி. நாங்கள் ஒத்திகை பார்க்கும் மண்டபத்தின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுபதைத் தாண்டியவர். விளக்கை அணைத்துப் பூட்டுவது அவர் வேலை, அவ்வளவுதான். நாடகத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எனக்கு வசனம் மனப்பாடம். தடுமாற்றம் முழுக்க முதல் அங்கத்தில்தான் இருந்தது. காவென்ட் கார்டனில், செயின்ட் பால் தேவாலயத்தின் தூண்களுக்கு அடியில், மழைக்கு ஒதுங்கி நின்று பூ விற்கிறாள் எலைசா. அவளுடைய காக்னி பேச்சை, அதாவது லண்டனின் உழைக்கும் மக்களின் கொச்சையை, ஷா முதல் சில வரிகளுக்கு மட்டும் ஒலிப்படியே எழுதிக் காட்டுகிறார். பிறகு, ஒலிக்குறிகள் இல்லாமல் இதை எழுதினால் லண்டனுக்கு வெளியே யாருக்கும் புரியாது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விட்டுவிடுகிறார். மீதியை நடிகைதான் தேடிக்கொள்ள வேண்டும். சென்னையில் பள்ளிக்கூட ஆங்கிலம் படித்து, இங்கே அலுவலக ஆங்கிலம் பழகிய நான் அதை எங்கே போய்த் தேடுவது?

எல்லாரும் கிளம்பிய பிறகு தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பூட்ட வந்தார். பூட்டவில்லை. ஹீட்டரை மறுபடி போட்டார், ஒரு நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார், புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். "மற்றவர்கள் பேசுவதை எல்லாம் நான் வாசிக்கிறேன். நீ உன்னுடையதைச் சொல்" என்றார். ஹிக்கின்ஸ், பிக்கரிங், ஹிக்கின்ஸ் வீட்டைக் கவனிக்கும் மிசஸ் பியர்ஸ், எலைசாவின் அப்பா, எல்லாரும் அவரே. அவருடைய அப்பா காவென்ட் கார்டன் சந்தையில் சுமை தூக்கியவராம். 1974இல் சந்தை லண்டனின் இன்னொரு பகுதியான நைன் எல்ம்ஸுக்கு மாறும்வரை அங்கேதான் வேலை. நான் தேடிக்கொண்டிருந்த பேச்சு அவருக்குத் தாய்மொழி.

ஒரு தடவைகூட அவர் என்னைத் திருத்தவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் ஒரு வரியைச் சொல்லித் தடுமாறினால், அதே வரியைத் தனக்காகப் படித்துக்கொள்வதுபோல மெல்ல ஒரு முறை வாய்விட்டுப் படிப்பார். பிறகு அடுத்த வரிக்குப் போய்விடுவார். நான் கேட்டுக்கொள்வேன். மறுநாள் இரவும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

மூன்றாவது அங்கம் வந்தபோதுதான் அவர் வாய் திறந்து ஒரு கருத்துச் சொன்னார். ஹிக்கின்ஸின் தாயார் வீட்டில், பிசிறில்லாத உயர்குடி உச்சரிப்பில், இன்ஃப்ளுயன்ஸாவில் செத்ததாகச் சொல்லப்படுகிற தன் அத்தையை உண்மையில் யாரோ தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்று எலைசா சொல்லும் இடம். அரங்கமே சிரிக்கும். நானும் சிரிப்பு வரும்படிதான் பேசிப் பார்த்தேன். "வேடிக்கை காட்டாதே" என்றார் அவர். "அதற்கு முந்தின வருஷம் டிப்தீரியாவிலேயே பிழைத்து எழுந்தவள் அந்த அத்தை. இவளுக்கு வரவேண்டிய புதுத் தொப்பியையும் யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டான். நிஜமாகவே மனசு கொதிக்கிறது இவளுக்கு. கேட்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நீ அத்தையை நினை." நேற்று அப்படியே செய்தேன். மண்டபம் எப்படிச் சிரித்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும். என் கண் கலங்கியிருந்தது முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது தன் கதையைச் சொன்னார். முதன்முதலில் வேலைக்குப் போன அலுவலகத்தில், கோப்புகளை அடுக்கலாம், தொலைபேசியை மட்டும் எடுக்கக் கூடாது என்றார்களாம். அவர் பேச்சைக் கேட்டால் வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள் என்று. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது! ஓர் ஆங்கிலேயன் வாயைத் திறந்தாலே இன்னோர் ஆங்கிலேயன் அவனை வெறுக்கவோ இகழவோ செய்கிறான் என்று ஷா முன்னுரையில் எழுதியதை அந்நியர்களான நம்மைப் போன்றவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கு அது நம்மைவிட நெருக்கமாகத் தெரியும்.

இன்னும் ஒன்று. நான்தான் எலைசா என்று குழு முடிவெடுப்பதற்கு முன்பே, 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், நான் மழையில் நனைந்து வந்து நின்றபோது கதவைத் திறந்து, "வாங்க, மிஸ் டூலிட்டில்" என்றார். கேலி இல்லை. வருகிறவரை எப்படி அழைக்க வேண்டுமோ அப்படி அழைத்தார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

நாடகம் தெரிந்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். ஐந்தாம் அங்கத்தில் எலைசாவே ஒரு நன்றி சொல்கிறாள். பேசக் கற்றுக்கொடுத்த ஹிக்கின்ஸ் வாத்தியாரை அருகில் வைத்துக்கொண்டு, கர்னல் பிக்கரிங்குக்குச் சொல்கிறாள். இந்திய மொழிகளை ஆராய்ந்துவிட்டு லண்டன் வந்த அந்த மனிதர் அவளுக்கு என்ன செய்தார்? எழுந்து நின்றார், தொப்பியைக் கழற்றினார், கதவைத் திறந்துவிட்டார். ஹிக்கின்ஸின் வீடு இருக்கும் விம்போல் தெருவுக்கு அவள் முதன்முதலாக வந்த அன்று அவளை மிஸ் டூலிட்டில் என்று அழைத்தார். தன்மேல் தனக்கு மதிப்பு வரத் தொடங்கியதே அங்கேதான் என்கிறாள். பூக்காரிக்கும் சீமாட்டிக்கும் உள்ள வித்தியாசம் அவள் நடந்துகொள்வதில் இல்லை, அவளை மற்றவர்கள் நடத்துவதில் இருக்கிறது என்கிறாள். எத்தனையோ முறை அந்த வசனத்தைப் பிறருக்கு எடுத்துக்கொடுத்திருக்கிறேன். முதல் நாள் மேடையில் அதைச் சொல்லும்போது பிக்கரிங்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், பார்த்தேன். ஆனால் சொன்னது பின்வரிசைக்கு அப்பால், சாவிக்கொத்தோடு கதவோரம் நின்றிருந்தவருக்கு.

அம்மா, இந்த மடலை உங்களுக்கு ஆங்கிலத்தில் படித்துக் காட்டச் சொல்லி என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் நேரத்துக்கு நீங்கள் கூலி வாங்கவில்லை, பெயர் போடவும் விடவில்லை. நான் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைச் செய்வேன். அடுத்த நாடகத்துக்கான வாசிப்பு தொடங்கும்போது, தன் ஆங்கிலத்தை நினைத்துக் கூச்சப்படுகிற யாராவது வருவார்கள், எப்போதும் வருகிறார்கள். அவர்களுக்காக நான் சீக்கிரமே மண்டபத்துக்கு வந்துவிடுவேன். எந்தப் பாத்திரம் வேண்டுமோ அதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். மிச்சம் எல்லாரையும் நான் வாசிக்கிறேன்.