சாமுலா கோவில் படம் எங்கே?

அன்புள்ள கண்ணம்மா,

மெக்சிகோவில் நான் போய் வந்த சாமுலா ஊர்க் கோவிலுக்குள் எடுத்த படம் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டிருந்தாய். நீ வாங்கிக் கொடுத்த கேமராவை அங்கே நான் பையைவிட்டே எடுக்கவில்லை. உள்ளே படம் எடுக்கக் கூடாது, அங்குள்ள சோத்சில் என்ற மாயா பழங்குடி மக்கள் அதில் படு கறார். நம் ஊர் கருவறைக்குள் விடுவார்களா என்ன?

சொல்கிறேன், நீயே பார்த்துக்கொள். பெஞ்சு கிடையாது, தரை முழுக்கப் பச்சைப் பைன் இலை. ஒரு குடும்பம் அதை ஒதுக்கிவிட்டு மெழுகுவர்த்திகளின் அடியை உருக்கி வரிசையாகத் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் கோக் பாட்டில், பைக்குள் உயிரோடு ஒரு கோழி, பாட்டி மட்டும் முணுமுணுவென்று வேண்டிக்கொண்டே இருந்தாள்.

சந்தையில்தான் தப்புப் பண்ணினேன். மிளகாய் விற்ற ஒரு கிழவியைக் கேட்காமல் க்ளிக் செய்யப் போக, அவர் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு உன் அப்பத்தா ஞாபகம். கோலம் போடும்போது எவனோ ஒரு வெள்ளைக்காரன் படம் எடுத்துவிட்டுப் போனதற்கு அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தாளே!

கிராசியேலா இத்துர்பிதே என்று ஒரு மெக்சிகோ போட்டோகிராபர், தேடிப் பார். ஹுச்சித்தான் என்ற தென்மெக்சிகோ ஊரில் அங்குள்ள பெண்களோடேயே தங்கி, சந்தைக்குப் போய்ப் படம் எடுத்தவர். 1979இல் தலைமேல் உயிருள்ள இகுவானாக்களை, அதாவது பெரிய ஓணான் மாதிரிப் பல்லிகளை, சுமந்து நின்ற பெண்ணை 12 தடவை எடுத்தாராம், தேறியது ஒன்றே ஒன்று. நான் தங்கியதோ நாலு நாள், இதில் அவசரம் வேறு.

அப்புறம், தங்கியிருந்த வீட்டு அம்மா காலையில் சோளம் அரைத்துக்கொண்டிருந்தார். நம் மக்காச்சோளம்தான், சுண்ணாம்பு போட்டு வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டது, தோல் தானாகக் கழன்று வருகிறது. மெத்தாத்தே என்கிறார்கள், அச்சு அசல் அம்மி, மூன்று கால் வைத்துச் சரிவாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தடவை கேமராவைக் காட்டி "புவேதோ?", அதாவது எடுக்கலாமா என்று ஸ்பானிஷில் கேட்டேன். சிரித்துவிட்டுக் குழவியை என் கையில் கொடுத்தார், கேமராவை அவர் வாங்கிக்கொண்டார்.

முட்டி போட்டு அரைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அவர் எடுத்த படத்தை இத்துடன் அனுப்புகிறேன், கொஞ்சம் ஆடியிருக்கிறது. அம்மாவிடம் காட்டாதே, வீட்டு அம்மியை ஒருநாள் தொட்டதுண்டா என்பாள்.

அப்பா