கருப்பு வெள்ளைப் படம் ஜன்னலோரத்தில்தான் உருவாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே உருவப்படம் எடுப்பது பற்றித் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரை, கருப்பு வெள்ளையை ஒரே வரியில் கடந்துவிட்டது: 'கலரில் எடுத்துப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.' கலரில் எடுக்கச் சொன்னது சரிதான். ஆனால் நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெளிச்சமும் நிழலும் மட்டுமே. எடுக்கும் நேரத்தில் அவை முகத்தில் சரியாக விழாவிட்டால், பிறகு எந்த ஆப்பைத் தட்டியும் பயனில்லை. சொல்லாமல் விட்டதைச் சொல்லவே இக்கடிதம்.

முதல் வேலை, அறையின் எல்லா விளக்குகளையும் அணைப்பது. நிறம்தான் போகப்போகிறதே, பல்பு எரிந்தால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். மேலிருந்து எரியும் பல்பு கண்குழியிலும் மூக்கின் கீழும் இரண்டாவது நிழலைப் போடும். அதோடு மஞ்சள் வெளிச்சம் பட்ட கன்னமும் பகல் வெளிச்சம் பட்ட கன்னமும் கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது வெவ்வேறு சாம்பலாகும். சில எல்இடி விளக்குகளின் துடிப்பால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகளும் விழும்.

நேர் வெயில் விழாத ஜன்னல்தான் வேண்டும். வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டிவிடுங்கள். தரைவரை நீண்ட ஜன்னலென்றால் கீழ்ப்பாதியை அட்டையாலோ போர்வையாலோ மறைக்க வேண்டும். வெளிச்சம் கண்மட்டத்துக்குக் கீழிருந்து வந்தால் தாடையின் அடிப்பகுதி ஒளிர்ந்து, முகத்தின் வடிவம் கெட்டுவிடும். ஆளைத் தாழ்வான முக்காலியில் உட்காரவைப்பதும் இதற்குக் கைகொடுக்கும்.

தூரம்தான் பலரும் கவனிக்காத விஷயம். ஜன்னலிலிருந்து 2 அடியில் உட்கார்ந்தால் நிழலின் ஓரம் மென்மையாக இருக்கும். ஆனால் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குள் வெளிச்சம் சட்டென்று குறையும், பின்னால் உள்ள சுவரும் இருண்டுவிடும். 6 அடி தள்ளி உட்கார்ந்தால் அந்தக் குறைவு சிறிதாகும், சுவர் துலங்கும். முகத்திலிருந்து பார்க்க ஜன்னல் சிறிதாகிவிடுவதால் நிழலின் ஓரம் மட்டும் கூர்மையாகும். முதலில் 3 அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, முகத்துக்கு ஏற்ப நகர்த்துங்கள். உடலை ஜன்னலுக்குச் சுமார் 45 பாகை திருப்பி, முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தின் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு கண்களிலும் ஜன்னலின் பிம்பம் சிறு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அங்கே நிறுத்திவிடுங்கள். அந்தப் புள்ளி இல்லாத கண், படத்தில் உயிரற்றுப் போகும். கண்ணாடி அணிந்தவரென்றால் அதன் காதுப்பிடியை ஒரு விரல் அளவு உயர்த்தினால் போதும். கண்ணாடிச் சில்லு கீழ்நோக்கிச் சாய்ந்து பளபளப்பு விலகிவிடும்.

நிழல் பக்கம் மிக இருட்டாக இருந்தால் அந்தப் பக்கத்தில், முகத்திலிருந்து 2 அடி தூரத்தில் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை நிறுத்துங்கள். சின்ன அறைகளில் பிரச்சினை நேர்மாறாகத்தான் வரும்: வெள்ளைச் சுவர்கள் நாலாபுறமும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி முகத்தைத் தட்டையாக்கிவிடும். கலரில் இது அழகாகவே தெரியும், கருப்பு வெள்ளையில் சப்பென்று போகும். நிழல் பக்கத்தில் ஒரு கருப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள். இரு பக்கத்துக்கும் இடையே 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), அதாவது நாலுக்கு ஒன்று என்ற வேறுபாடு, பெரும்பாலான முகங்களுக்குப் பொருந்தும்.

கேமராவில் ரா கோப்பை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) தேர்ந்து, கூடவே மோனோகுரோம், அதாவது கருப்பு வெள்ளை அமைப்பையும் போட்டுவிடுங்கள். திரையில் கருப்பு வெள்ளை தெரியும், கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும். ஜேபெக் மட்டும் எடுத்தால் நிறம் திரும்பி வராது. அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/4, ஷட்டர் 1/125 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 400 முதல் 1600 வரை, குழந்தைகளுக்கு ஷட்டர் 1/250. ஃபோகஸ் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில். 5 அடிக்குக் குறையாமல் விலகி நில்லுங்கள், நெருங்கினால் மூக்கு பெரிதாகிவிடும். செல்போனென்றால் 2 மடங்கு லென்ஸைப் போட்டு, திரையில் ஒளிபட்ட கன்னத்தைத் தொட்டு அழுத்தி ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்செய்யும் எச்டிஆரை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய நிழலை அது தானாகவே வெளுத்துவிடும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. கேமராவின் தானியங்கி ஒளி அளவீடு எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கவே முயலும். கருத்த முகத்தின் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் முகம் புகைபோல இருண்டுவிடும். அளவீட்டை முகத்தில் மட்டும் எடுங்கள், அல்லது 1 ஸ்டாப் கூட்டுங்கள். இதைச் செய்யாமல் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு வெளிச்சத்தை ஏற்றினால் நிழலெல்லாம் மணல்மணலாகும்.

முகம் இருண்டதை மறைக்கப் பலரும் கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பு, ஆரஞ்சு ஸ்லைடர்களை மேலே தள்ளுகிறார்கள். எந்தத் தோலிலும் சிவப்பு ஒளிதான் அதிகம் பிரதிபலிக்கிறது என்பதால், முகம் உடனே வெளுக்கும், பருவும் கரும்புள்ளியும் மறையும். கூடவே உதடும் கன்னமும் ஒரே சாம்பலாகிவிடும். முகம் மாவு பூசியதுபோல் ஆகும். கருத்த தோலின் அழகே நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மின்னும் ஒளிதான். அந்த மின்னலைக் காப்பாற்றி, மற்ற இடங்களை அவற்றின் இயல்பான சாம்பலிலேயே விட்டால் முகம் சிற்பம்போல் எழுந்து நிற்கும். பச்சைப் பங்கைக் கூடுதலாக வைத்து மாற்றினால் உதடும் தோலின் நுணுக்கமும் நிற்கும். பெரும்பாலான கேமராக்களின் சென்சாரில் (ஒளியைப் பதியும் சில்லு) பச்சைப் புள்ளிகள் சிவப்பைவிடவும் நீலத்தைவிடவும் இரு மடங்கு என்பதால் இரைச்சலும் (மணல்மணலான புள்ளிகள்) குறைவு. நீலப் பங்கைக் கூட்டினால் ஒவ்வொரு தழும்பும் சுருக்கமும் வெளியே வரும். முதியவரின் முகத்துக்கு அது சில நேரம் பொருந்தும், மற்றவர்களுக்கு வேண்டாம். ஆளின் நிறத்தை மாற்றும் உரிமை படமெடுப்பவருக்குக் கிடையாது என்பதே என் கருத்து.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சுவதால் அச்சுப் புள்ளிகள் பருத்துவிடும். நடுச் சாம்பலில் அது மிக அதிகம். கருத்த முகங்கள் தங்கள் இதழில் அப்பியதுபோல் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வாசகர் படங்களை அச்சுக்கு அனுப்புமுன் நடுச் சாம்பல் தொனியை அந்தக் காகிதத்துக்கு ஏற்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். படத்தின் கீழே, ஜன்னல் எந்தப் பக்கம், ஆள் எத்தனை அடியில் என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிட்டால், பார்ப்பவர்கள் அன்றைக்கே வீட்டில் முயன்று பார்க்க உதவும்.

இப்படிக்கு,
ஓர் ஒளிப்படக்காரர்