கிராண்ட் ஹில் யாரை ஏமாற்றினார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் 'எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியவர்கள்' என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. அதில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர் கிராண்ட் ஹில்லையும் சேர்த்து, "கோடிகளை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர், ஆர்லாண்டோவுக்குப் பிறகு காணாமல் போனார்" என்று ஒரே வரியில் அவர் கதையை முடித்துவிட்டீர்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் படத்தில் அவர் போட்டிருப்பது பீனிக்ஸ் சன்ஸ் அணியின் 33ஆம் எண் சட்டை. ஆர்லாண்டோ மேஜிக் அணியை விட்ட பிறகுதான் அவர் பீனிக்ஸுக்குப் போனார். பக்கத்தைப் பார்த்து அச்சுக்கு அனுப்பிய ஒருவருக்குக்கூட இது உறைக்கவில்லையே என்று மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

கூடைப்பந்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1994இல் மூன்றாவது ஆளாக டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அவரை எடுத்ததும், முதல் ஆண்டிலேயே ஜேசன் கிட்டுடன் சிறந்த புதுமுக விருதைப் பகிர்ந்துகொண்டதும், அதே ஆண்டு நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கான ரசிகர் வாக்கில் அவர் முதலிடம் பிடித்ததும் உங்களுக்குத் தெரியும். 1996-97 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 21.4 புள்ளிகள், 9 ரீபவுண்டு (தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 7.3 அசிஸ்ட் (மற்றவர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது). ஒரே ஆள் மூன்று பேர் வேலையைப் பார்த்திருக்கிறார். ட்யூக் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது, 1992இல் கென்டக்கிக்கு எதிராக 2.1 விநாடி மிச்சமிருக்கையில் சுமார் 75 அடி தூரம் பந்தை எறிந்ததும் அவர்தான். அதைப் பிடித்துப் போட்ட கிறிஸ்டியன் லேட்னரை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், எறிந்த கை யாருக்கும் நினைவில்லை. இந்த மனுஷனுக்கு இது முதலிலிருந்தே நடப்பதுதான், அதனால் அதை விடுகிறேன்.

2000 ஏப்ரலுக்கு வருகிறேன். பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக்கட்டச் சுற்றுகள், தொடங்க ஒரு வாரம்தான் இருக்கிறது. பிலடெல்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில் இடது கணுக்காலில் அடி. ஆட்டத்துக்கு 25.8 புள்ளி எடுத்துக்கொண்டிருந்த ஆள் அவர், அணி அவரை நம்பித்தான் இருந்தது. வலியோடு பிளேஆஃபில் மயாமிக்கு எதிராக இறங்கினார். இரண்டாவது ஆட்டத்தில் அந்தக் கால் கைவிட்டது, எலும்பு முறிந்திருந்தது. அவர் இறங்காமல் இருந்திருந்தால் உங்கள் பக்கமே அவரைக் கோழை என்று எழுதியிருக்கும். இறங்கினார், உடைந்தார். இப்போது ஏமாற்றியவர் என்று எழுதுகிறீர்கள். அவர் வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்?

நான் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி அணிக்காக ஆடிய காலத்தில் எனக்கும் கணுக்கால் வீங்கியது. அரையிறுதிக்கு முந்தைய நாள் எங்கள் பயிற்சியாளர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இறுக்கிக் கட்டிக்கோ, சூடு ஏறினா வலி தெரியாது" என்றார். சூடு ஏறியது, வலியும் தெரியவில்லை. மறுநாள் காலை தரையில் காலை ஊன்ற முடியவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்வின்போது அதே பயிற்சியாளர் என் பெயரை அடித்துவிட்டு, "அவனுக்கு ஆர்வம் குறைஞ்சிடுச்சு" என்று மற்றவர்களிடம் சொன்னாராம். கட்டச் சொன்னது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. என் ஆட்டம் கிராண்ட் ஹில்லின் ஆட்டத்துக்கு உறை போடக் காணாது, அது எனக்குத் தெரியும். ஆனால் உடைந்த காலோடு உட்கார்ந்திருப்பவனைச் சோம்பேறி என்று சொல்லும்போது எங்கே வலிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்புறம் அந்தக் கோடிகள். அதே 2000இல் ஏழு ஆண்டுகளுக்குச் சுமார் 9 கோடியே 30 லட்சம் டாலர் என்று ஆர்லாண்டோ மேஜிக் ஒப்பந்தம் போட்டது உண்மை. முதல் ஆண்டில் அவர் நான்கே ஆட்டம் ஆடினார், அடுத்த ஆண்டு 14, அதற்கடுத்து 29. 2003-04 முழுக்கவே இல்லை. மேஜிக் ரசிகர்கள் நொந்துபோனதை நான் மறுக்கவில்லை. அணியின் இன்னொரு நட்சத்திரமான டிரேசி மெக்ரேடியும் ஹில்லும் சேர்ந்து ஆடுவார்கள் என்று காத்திருந்தவர்களுக்குக் கடைசிவரை அது சரியாகக் கிடைக்கவே இல்லை. அவருக்கு ஈடாக டெட்ராய்டுக்குப் போன இருவரில் ஒருவரான பென் வாலஸ் 2004இல் கோப்பையே வென்றார். இதையெல்லாம் எழுதுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் உட்கார்ந்திருந்த இடம் பெஞ்ச் இல்லை, ஆசிரியர் அவர்களே. 2003 மார்ச்சில் கணுக்கால் எலும்பை மறுபடி உடைத்து நேராக்கி வைத்தார்கள். சில நாட்களில் கடும் காய்ச்சல், வலிப்பு. மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் கிருமி புண்ணில் புகுந்திருந்தது. கையிலிருந்து தோலை எடுத்துக் காலில் ஒட்டினார்கள். ஆறு மாதம் நரம்பு வழியாக மருந்து ஏறியது. ஆட்டம் இருக்கட்டும், ஆள் பிழைத்ததே பெரிது என்ற நிலை அது. இவ்வளவையும் உங்கள் கட்டுரையாளர் 'பெஞ்சில் உட்கார்ந்தவர்' என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிட்டார்.

அதோடு போனாரா? 2004-05இல் திரும்பி வந்து 67 ஆட்டம் ஆடினார், 19.7 புள்ளிச் சராசரியோடு மறுபடி ஆல் ஸ்டார் ஆனார். 2007இல் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் சம்பளத்துக்குப் பீனிக்ஸ் போனார். 2008-09இல் 82 ஆட்டங்களிலும் இறங்கினார். இளமையில் டெட்ராய்டில்கூட ஒரு சீசனிலும் அவர் 82 ஆட்டம் ஆடியதில்லை. முதல் முறையாக 36 வயதில், அந்தக் காலோடு 82ஐயும் ஆடி முடித்தார். அடுத்த ஆண்டு 81, அதற்கடுத்து 80. முன்னைப் போல் பந்தைத் தன் கையிலேயே வைத்திருக்கும் ஆட்டம் போய்விட்டது. எதிரணியின் முக்கிய ஸ்கோரரை மடக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். பெயர் வாங்கித் தராத வேலை அது. 2010இல் போர்ட்லண்டைத் தோற்கடித்தபோதுதான் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு பிளேஆஃப் சுற்றைத் தாண்டினார், அதுவும் 37 வயதில். அந்த ஆண்டு வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் (மேற்குப் பிரிவு) இறுதி வரை போய் லேக்கர்ஸிடம் தோற்றார்கள். எனக்குக் கேட்டால் டெட்ராய்ட் ஹில்லைவிடப் பீனிக்ஸ் ஹில்தான் பெரிய ஆட்டக்காரர் என்பேன். மொத்தம் 1,026 ஆட்டம் ஆடி, 40 வயதில் 2013இல் ஓய்வு பெற்றார். 2018இல் கூடைப்பந்தின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். காணாமல் போனவரைத் தேடிப் பிடித்தா சேர்த்தார்கள்?

இது ஒரு கட்டுரையாளரின் தவறு மட்டும் என்றால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். உங்கள் பத்திரிகைக்கு இது பழக்கமாகிவிட்டது. 2010இல், மேலே சொன்ன அதே போர்ட்லண்ட் தொடரில், முழங்கால் அறுவை முடிந்த எட்டே நாளில் போர்ட்லண்டின் பிராண்டன் ராய் களமிறங்கியபோது 'சிங்கம் திரும்பியது' என்று தலைப்புப் போட்டீர்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் முழங்கால் முடியாமல் அவர் ஓய்வை அறிவித்ததற்குப் பெட்டிச் செய்தி. இப்போதைய பட்டியலில் அவருக்கு ஏழாம் இடம். கிரெக் ஓடன் 2007இல் முதல் ஆளாகத் தேர்வாகி, முதல் சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் அறுவைக்குப் போனவர். போர்ட்லண்டுக்காக மொத்தமே 82 ஆட்டம்தான் ஆட முடிந்தது. அவர் பெயர் வரும் போதெல்லாம் அதே டிராஃப்டில் இரண்டாவதாக வந்து நட்சத்திரமான கெவின் டுராண்டைப் பக்கத்தில் நிறுத்தி உங்கள் ஆட்கள் பரிகாசம் செய்கிறார்கள். 22 வயதில் எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த வீரர்) ஆன டெரிக் ரோஸ் 2012இல் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தபோது, சீக்கிரம் திரும்பி வரவில்லை என்று மாதக்கணக்கில் வைதீர்கள். அவர் 2018இல் மின்னசோட்டாவுக்காக ஒரே ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்து அழுதுகொண்டு நின்ற இரவு உங்கள் பக்கத்தில் எத்தனை வரி பெற்றது என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள்.

காயத்தோடு ஆடினால் கைதட்டுகிறீர்கள். அந்தக் காயத்தால் ஆட்டம் முடிந்தால் கணக்குக் கேட்கிறீர்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில், சில சமயம் ஒரே பேனா எழுதுகிறது. என் வீட்டில் உங்கள் பத்திரிகையை இப்போது என் மகளும் படிக்கிறாள். பள்ளி அணியில் ஆடுகிறாள். பட்டியலைப் படித்துவிட்டு, "அடிபட்டா நம்மையும் இப்படித்தான் எழுதுவாங்களாப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதில் உங்களைக் காப்பாற்றுகிற பதிலாக இல்லை.

பட்டியலைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கப் போவதில்லை. கேட்டாலும் செய்ய மாட்டீர்கள். அடுத்த இதழில் திருத்தம் போடும் சின்னப் பெட்டியில் இரண்டே வரி போடுங்கள்: ஆர்லாண்டோவுக்குப் பிறகு கிராண்ட் ஹில் ஆறு சீசன் ஆடினார், அதில் ஒரு சீசனில் 82 ஆட்டமும் ஆடினார். படத்துக்குக் கீழே அணியின் பெயரையும் சரியாகப் போட்டுவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்