ஸோனையும் பிரஸ்ஸையும் இணைப்பது பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இந்தப் பருவத்தில் உன் அணி அரையிறுதிவரை போனது என்பதைப் படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். உயரமான வீரர்கள் இல்லாத ஓர் அணியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவது எளிதன்று என்பது, கற்பனை அணி ஒன்றைப் பயிற்சியாளராக நடத்தும் இந்தக் கூடைப்பந்து விளையாட்டைப் பல காலமாக ஆடிவருகிற எனக்கு நன்றாகவே தெரியும். என் அணியில் மூத்த கார்டுகள் (பந்தைக் கொண்டுசெல்லும் வீரர்கள்) இருவரும் ஓய்வுபெற்றுவிட்டார்கள். அவர்களுடைய இடத்தில் வந்திருக்கும் இளையவர்களுக்குக் கால்வேகம் உண்டு, ஆட்ட அறிவு இன்னும் வளரவில்லை. ஆகவே, தடுப்பு முறைகளை எப்படிக் கலப்பது என்று நீ கேட்டிருக்கும் கேள்வியைப் பற்றித்தான் நானும் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆளுக்கு ஆள் தடுக்கும் மேன் டு மேன், ஆளுக்குப் பதிலாக இடத்தைக் காக்கும் ஸோன், எதிரணி பந்தைக் கொண்டுவரத் தொடங்கும் பாதியிலேயே நெருக்கும் பிரஸ் ஆகிய மூன்றையும் ஏறக்குறையச் சம அளவில் கலந்து ஆடுவதாக எழுதியிருந்தாய். எதிரணி குழம்பிப்போகும் என்பது உன் எண்ணம். நான் இதில் உன்னோடு உடன்படவில்லை. நம் விளையாட்டில் வாரந்தோறும் கிடைக்கும் பயிற்சி நேரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒவ்வொரு வீரனுக்கும் ஒவ்வொரு முறையிலும் உள்ள தேர்ச்சி, அந்த முறைக்கு ஒதுக்கிய நேரத்தைப் பொறுத்துத்தான் ஏறுகிறது. மூன்றாகப் பங்கிட்டால் மூன்றிலுமே உன் வீரர்கள் அரைகுறையாக நிற்பார்கள். எதிரணி குழம்புவதற்கு முன் உன் அணி குழம்பிவிடும். நேர்த்தியாகத் தெரிந்த இரண்டு முறைகள் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அந்த இரண்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றி மாறக்கூடியவையாக இருக்கவேண்டும்.

இந்த மாறுதலைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பிரஸ் ஆடுவதற்கு உன் வீரர்கள் எதிரணியின் பக்கத்திலேயே அணிவகுத்து நிற்க அவகாசம் வேண்டும். அந்த அவகாசம், நீ கூடை போட்ட பின்பும் ஆட்டம் நின்று பந்து வெளியிலிருந்து உள்ளே எறியப்படும்போதும் மட்டுமே கிடைக்கும். உன் எறிதல் தவறி கூடையில் விழாமல் திரும்பும் பந்தை எதிரணி பிடித்து ரீபவுண்ட் எடுத்துவிட்டால், உன் ஐவரும் திரும்பி ஓடிக்கொண்டிருப்பார்கள். பிரஸ் அமைக்க வழியே இராது. எனவே எறிதலில் பலவீனமான அணி, அமைப்புப் பலகையில் பிரஸ்ஸை எவ்வளவு உயர்த்தி வைத்தாலும், களத்தில் அதைக் குறைவாகத்தான் ஆடும். எந்தத் தருணத்தில் எந்த முறை என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டால், ஒவ்வொரு முறையும் எத்தனை விழுக்காடு என்ற கேள்வி பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

உன் அணிக்கு நான் பரிந்துரைப்பது, கூடை போட்ட பிறகு 2-2-1 பிரஸ், மற்ற நேரங்களில் 2-3 ஸோன் என்ற இணைப்பு. (முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன.) முன்னால் நிற்கும் இரு கார்டுகளும் பின்வாங்கி ஸோனின் மேல்வரிசையில் நின்றுகொள்கிறார்கள். நடுவில் இருந்த இருவரும் இறங்கிப் பக்கவாட்டு இடங்களுக்குப் போகிறார்கள். கடைசியில் நின்ற சென்டர் வளையத்துக்கு முன்னாலேயே இருக்கிறான். யாரும் யாரையும் தேடி ஓட வேண்டியதில்லை. இதே பிரஸ்ஸை மேன் டு மேனோடு இணைத்தால், பிரஸ் உடைந்த கணத்தில் ஒவ்வொருவனும் தனக்குரிய ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அந்த ஓரிரு நொடித் தடுமாற்றத்தில்தான் எளிய கூடைகள் போய்விடுகின்றன.

இந்த இணைப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை. எறிதலுக்கு 24 நொடிகள் மட்டுமே தரும் கடிகாரம் உள்ள லீக்கில், பந்தை 8 நொடிகளுக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். நிதானமாக ஆடும் 2-2-1, பந்தைப் பறிக்காவிட்டாலும்கூட, எதிரணியின் ஆறு, ஏழு நொடிகளைத் தின்றுவிடுகிறது. ஸோனை உடைக்கப் பொறுமை வேண்டும்: பந்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பலமுறை பாஸ் செய்து, தடுப்பவர்களை நகர்த்தி, மூலையில் ஒருவனைத் தனியாக விடுவிக்க வேண்டும். அந்தப் பொறுமைக்குத் தேவையான நேரத்தையே பிரஸ் முன்கூட்டிப் பறித்துக்கொள்கிறது. 30 நொடிக் கடிகாரம் உள்ள அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஆடினால் இந்த நன்மை குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

லீக்கின் விதிகளும் முக்கியம். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் 2001-02 பருவத்திலிருந்துதான் ஸோன் அனுமதிக்கப்பட்டது. அப்போதும், தன் ஆளை நெருங்கிக் காவாமல் ஒரு தடுப்பாட்டக்காரன் வளையத்துக்கு முன்னுள்ள பகுதியில் மூன்று நொடிகளுக்குமேல் நிற்கக்கூடாது என்ற விதியைச் சேர்த்தார்கள். பன்னாட்டு விதிகளில் அந்தத் தடை இல்லை. மெதுவான சென்டரை நடுவில் நிறுத்திவைக்கும் 2-3 ஸோன், பன்னாட்டு விதிகளில் தரும் பலனை என்பிஏவில் முழுமையாகத் தராது.

இந்த இணைப்பின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸோனில் இவனை நீ தடு என்று யாருக்கும் ஆள் குறிக்கப்படாததால், ரீபவுண்டின்போது எதிராளியை உடலால் மறித்து நிற்பது தளர்ந்துவிடும். குள்ளமான உன் அணிக்கு இது உண்மையான ஆபத்து. ஆகவே பக்கவாட்டு இடங்களில் வேகத்தைவிட ரீபவுண்ட் திறனைப் பார்த்து ஆட்களை நிறுத்து. மூலையிலிருந்து மூன்று புள்ளி எறிவதில் வல்லவர்கள் எதிரணியில் இருவர் இருந்தால், அன்றைக்கு ஸோனைக் குறைத்தே ஆகவேண்டும். பிரஸ் ஸ்டாமினாவை விரைவாக அழிப்பதால் உன் மாற்று வீரர்களின் தரமும் இங்கே கணக்கில் வரும்.

நால்வர் ஸோனில் நிற்க, ஒருவன் மட்டும் எதிரணியின் சிறந்த வீரனையே ஒட்டித் தடுக்கும் பாக்ஸ்-அண்ட்-ஒன்னையும் நிரந்தரமாகச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். அது ஒருவனையே நம்பி நிற்கும் அணிக்கு எதிராக, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உதவும் கருவி. 2019 என்பிஏ இறுதிச்சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில், கோல்டன் ஸ்டேட் அணியின் இன்னொரு வலுவான எறிவாளனான கிளே தாம்ஸன் காயத்தால் வெளியேறியபின், டொராண்டோ பயிற்சியாளர் நிக் நர்ஸ், அந்த அணியின் நட்சத்திரமான ஸ்டீஃபன் கரிக்கு எதிராக அதைப் பயன்படுத்தினார். கோல்டன் ஸ்டேட் சில நிமிடங்கள் புள்ளியே எடுக்க முடியாமல் திணறியது. ஆனாலும் கடைசி நொடிகளில், கரியை இருவர் நெருக்கியபோது தனியாக விடப்பட்ட சக வீரர் இகுவாடாலா மூன்று புள்ளி போட, 109-104 என்று டொராண்டோ தோற்றது. அந்த முறைக்கு ஆகும் விலை எப்போதும் தனியாக விடப்படுகிற அந்த இன்னொருவன்தான். இரண்டாவது எறிவாளன் களத்தில் இருக்கும்வரை நான் அதைத் தொடமாட்டேன்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் உன் மாற்று வீரர்களின் ஸ்டாமினா அளவுகளையும் முதல் ஐவரின் ரீபவுண்ட் அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்பு. ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் பிரஸ்ஸை நிறுத்தி வெறும் ஸோனுக்கு இறங்குவது என்பதை, அவற்றைப் பார்த்தபின் சேர்ந்தே முடிவுசெய்வோம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்