மாடு தப்பிச்சுது, ஹப் வளைஞ்சுது

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சு மூண்டு கிழமை. பிந்தினதுக்கு என்ர வான்தான் காரணம், சோம்பல் இல்லை. நீ காரைப் பற்றி எழுதின பகுதியை மனுசிக்கும் வாசிச்சுக் காட்டினன். "ரெண்டு பேரும் பேசி வச்சோ இடிச்சனியள்?" எண்டு கேட்டாள். நீ ரொறன்ரோவில பனியில சறுக்கி றோட்டுக்கரைக் கட்டில ஏத்தினாய். நான் புளியங்குளத்துக்கு இங்கால மாட்டை விலத்தப் போய் மதகில ஏத்தினன். ரெண்டிலையும் அடிபட்டது முன்சில்லு, ரெண்டிலையும் திருத்தி எடுத்தாப் பிறகு நடுக்கம். உனக்கு மணிக்கு 110 கிலோமீற்றரில, எனக்கு 90 இல.

மாட்டுக் கதை முதல். இரவு பத்து மணி, வவுனியாவில ஒரு குடும்பத்தை இறக்கிப்போட்டுத் தனிய வாறன். பகல் வெயில் குடிச்ச தார் இரவில சூடாக் கிடக்கும். கட்டாக்காலி மாடுகளுக்கு அதுதான் படுக்கை. கறுத்த மாடு, கறுத்த றோட். கண் தெரியேக்க இருபது யார்கூட இல்லை. இடப்பக்கம் வெட்டினன், மதகுக் கட்டில முன் இடச்சில்லு ஏறி விழுந்துது. மாடு எழும்பி என்னை ஒருக்காப் பாத்திட்டு, அசை போட்டுக்கொண்டே காட்டுக்குள்ள போயிட்டுது. விடிஞ்சாப் பிறகு மாட்டுக்காரர் ஒருத்தர் வந்து "என்ர மாட்டுக்கு ஏதும் நடந்ததோ" எண்டு விசாரிச்சார். வானுக்கு என்ன நடந்ததெண்டு கேக்கேல்லை.

கராச்சில சும்மா சொல்லக்கூடாது, கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் திருத்தித் தந்தவை. மட்காட் தட்டி நிமித்தி பெயின்ற் அடிச்சு, சில்லைத் தாங்கிற கீழ் ஆம் மாத்தி, ஷொக் மாத்தி, வளைஞ்ச றிம்முக்குப் பதிலா பாவிச்ச றிம் ஒண்டு போட்டு, சில்லு நேராப் பாக்கிற அலைன்மென்ற்றும் செய்து தந்தினம். காப்புறுதிக்காரரும் அந்தக் கணக்குக்குத்தான் காசு தந்தவை. வெளிய எடுத்து ஓட, வான் புதுசு மாதிரிப் போச்சுது. எண்பது வரைக்கும். எண்பதைத் தாண்டினதும் ஸ்ரியறிங் கைக்குள்ள நடுங்கத் தொடங்கும், தொண்ணூறில பல்லும் சேர்ந்து கிடுகிடுக்கும், நூறைத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும். (சட்டப்படி 70 தான் எண்டு எனக்குத் தெரியும். நீ அதை எழுதிக் கேக்க வேண்டாம்.)

திரும்பக் கொண்டுபோனன். அலைன்மென்ற் இன்னொருக்காச் செய்தினம். அலைன்மென்ற் பிழையெண்டால் வான் ஒரு பக்கம் இழுக்கும், ரயர் ஒரு கரையால தேயும், நடுங்காது. இதை நான் அங்க சொல்லேல்லை, சொல்லியிருக்கவேணும். பிறகு பலன்ஸ் பாத்தினம், மெசின் ரெண்டு பக்கமும் சைபர் காட்டிச்சுது. ஈயக்கட்டியைக் கழட்டித் திரும்ப ஒட்டினாலும் சைபர். "அண்ணை, மெசின் சரியெண்டுது, உங்கட மனசில மாட்டின்ர பயம் இருக்கு" எண்டு அங்க வேலை செய்யிற பெடியன் சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அண்டைக்கு இரவு எனக்கு உன்ர சித்தப்பாவின்ர மல்லாவிக் கராச்தான் நினைவில வந்தது. சண்டைக்குள்ள பெற்றோல் வர விடாத தடைக்காலம். மொறிஸ் மைனருக்குக் காபரேற்றருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓட விடுவம். பின்னால வாறவன்ர கண் எரியும். அந்தக் கராச்சுக்கு எத்தனை வாகனம் வந்தது, ஒருத்தராவது "நடுங்குது" எண்டு கொண்டு வந்தவையோ? நடுங்காத வாகனமே இல்லை. 30ஐத் தாண்டினால் தலை கூரையில இடிக்கிற றோட். 2002 இல சமாதானத்தோட பாதை திறந்தபோதும் இந்த ஏ9 கண்டி-யாழ்ப்பாண றோட் குழியும் புழுதியும்தான். தொண்ணூறில வாற இந்த வருத்தம் வழுவழுப்பான காப்பற் றோட்டோட சேர்ந்து வந்த வருத்தம், மச்சான். அதைப் பிடிக்க எங்கட பழைய அனுபவம் காணாது. கராச்காரனும் முத்தத்துக்குள்ள இருபதில ஓடிப்பாத்துத்தான் "சரி" எண்டு தாறான். தொண்ணூறில வாற பிழை இருபதில எப்பிடித் தெரியும்?

அதால நானே ஓடிப்பாக்க வெளிக்கிட்டன். விடிய அஞ்சரைக்கு முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டு, மாங்குளம் பக்கம் நேர் றோட். தொண்ணூறில நடுங்கேக்க கிளச்சை மிதிச்சு நியூற்றலுக்குக் கொண்டுவந்தன். எஞ்சின் அடங்கிச்சுது, நடுக்கம் அடங்கேல்லை. அப்ப எஞ்சினும் அதின்ர ரப்பர் மவுண்டும் இல்லை. அக்சிலேற்றர் பெடலை மிதிச்சாலும் விட்டாலும் ஒரே நடுக்கம். சீற் சும்மா இருக்கு, ஸ்ரியறிங்தான் ஆடுது, அப்ப முன்பக்கம். ரயர் ஒரு சுத்துக்கு 2 மீற்றர் சொச்சம் போகும். தொண்ணூறில வான் செக்கனுக்கு 25 மீற்றர் போகும். சில்லு செக்கனுக்குப் பன்னிரண்டு சுத்து. கைக்கு வாற நடுக்கமும் அந்த அளவுதான். எண்ண ஏலாட்டிலும் ஒவ்வொரு அடியாத் தெரியும். பின்சில்லுக்குச் சுத்தைக் கொண்டுபோற புறப்பெலர் ஷாப்ற் எண்டால் அதைவிட நாலு மடங்கு வேகத்தில சுத்தும், அது நடுக்கமாத் தெரியாது, காலுக்குக் கீழ வண்டு இரையிற மாதிரித்தான் இருக்கும். ஏன் நூறில அடங்குது எண்டும் யோசிச்சன். சில்லும் சஸ்பென்சனும் தாங்களா ஆடுற தாளம் ஒண்டு இருக்கு. ஊஞ்சலைச் சரியான நேரத்துக்குத் தள்ளுற மாதிரி, சில்லின்ர அடி அந்தத் தாளத்தோட ஒத்துப்போற வேகத்திலதான் பெருசா ஆடும்.

வீட்ட வந்து முன்சில்லை பின்னுக்கும் பின்சில்லை முன்னுக்கும் மாத்தினன். அடுத்த நாள் ஓடினால் நடுக்கம் அதே ஸ்ரியறிங்கில. அப்ப ரயரும் இல்லை, றிம்மும் இல்லை. இந்த இடத்தில எனக்கு மூளை நிண்டுபோச்சுது. இன்னும் என்ன மிச்சம்?

சைக்கிள் கடையில நெளிவு எடுக்கிறது நினைவிருக்கோ? சோக்கட்டியை போர்க்கில பிடிச்சுக்கொண்டு சில்லைச் சுத்த விட்டால், முட்டுற இடத்தில வெள்ளைக் கோடு விழும். அதையே செய்தன். ஜக்கில ஏத்தி, கல்லு அடுக்கி, அதில சோக்கை வச்சு முன் இடச்சில்லை மெதுவாச் சுத்தினன். பாதிச் சுத்துக்குக் கோடு, பாதிக்கு இல்லை. வேற சில்லைக் கழட்டி அதே இடத்தில பூட்டினன். அதே பாதிக்குக் கோடு. சில்லு மாறியும் கோடு மாறேல்லை, மச்சான். அப்பதான் நெஞ்சு ஒருக்கா அடிச்சுது.

இன்னொரு அடையாளமும் முதலே இருந்தது, நான்தான் கவனிக்கேல்லை. வேகத்தில பிறேக் பிடிக்கேக்க பெடல் காலுக்குக் கீழ லேசாத் துடிச்சது. கராச்சில டிஸ்க்கைக் கழட்டி லேத்தில சீவிவிச்சினம். ரெண்டு கிழமை நல்லா இருந்து, திரும்பத் துடிச்சது. சீவின அந்த லேத் அண்ணையிட்டையே போனன். டிஸ்க்கைத் திரும்ப லேத்தில பூட்டிச் சுத்தி, "இது நேர். இது இருக்கிற இடம்தான் கோணல்" எண்டார். டிஸ்க்கும் சில்லும் பூட்டுற அந்த நடுத்தட்டுத்தான் ஹப். சின்ன ஆட்டத்தையும் ஊசியால காட்டுற தன்ர டயல் கேஜையும் தந்து, தானே வீட்டுக்கும் வந்தார். வந்து முதல்ல பெயறிங் நட்டை இறுக்கினார். இல்லாட்டிப் பெயறிங்கின்ர ஆட்டத்தை ஹப்பின்ர ஆட்டம் எண்டு எழுதிப்போடுவமாம். ஹப்பின்ர முகத்தில ஊசியை வச்சுச் சுத்தினால் 0.4 மில்லிமீற்றர். நல்ல ஹப் 0.05க்குள்ள நிக்கவேணும். ஹப்பில 0.4 எண்டால் றிம் விளிம்பில 1 மில்லிமீற்றருக்கு மேல போகும், அதுதான் என்ர சோக்குக் கோடு. மதகில விழுந்த அடி றிம்மைத் தாண்டி ஹப்பையும் வளைச்சிருக்கு. பலன்ஸ் மெசின் பொய் சொல்லேல்லை. அது சில்லைத் தன்ர தண்டில பூட்டிச் சுத்துது. என்ர வானின்ர கோணல் ஹப்பை அது கண்டதே இல்லை.

வவுனியாவில றீகண்டிசன் ஹப் ஒண்டு எடுத்துப் புதுப் பெயறிங்கோட பூட்டியாச்சு. இப்ப தொண்ணூறில ஒற்றை விரலால பிடிக்கலாம். 95 இல இன்னும் ஒரு சின்ன முறுமுறுப்பு இருக்கு. அது ரயர், இவ்வளவு நாள் கோணலா ஓடித் தேஞ்சது. வெள்ளாமை வெட்டின காசு வந்தாத்தான் அதுக்கு வழி.

இனி உன்ர காருக்கு வாறன். உன்ரை முன்சில்லு இழுக்கிற கார், அதால ஒண்டு கூடப் பாக்கவேணும். வேகம் எடுக்கேக்க மட்டும் நடுங்கி, காலை எடுத்தவுடன நிக்குதெண்டால் உள்பக்க அக்சில் மூட்டு. எப்பிடியும் நடுங்குதெண்டால் சில்லு, இல்லாட்டி ஹப். ஆனால் காசு செலவழிக்க முதல் சில்லைக் கழட்டி, றிம்மும் ஹப்பும் முட்டுற முகத்தைக் கம்பிப் பிறஷ்சால உரஞ்சு. உங்கட றோட்டு உப்பில அந்த இடம் துருப்பிடிச்சுத் தடிக்கும், திருத்தினவை பெயின்ற் தெறிக்க விட்டிருந்தாலும் சில்லு கோணலாத்தான் உக்காரும். நட்டையும் பார். நீ மாரிக்கு இரும்பு றிம் போடுறனி எண்டு எழுதினாய். பல டொயோட்டாக்களில அலோய் றிம்முக்கு வாசரோட தட்டை நட், இரும்பு றிம்முக்குக் கூம்பு நட். மாறிப் பூட்டினால் சில்லு நடுவில நிக்காது.

ஊர்ப் புதினம் பெருசா இல்லை. இரணைமடுவில தண்ணி குறைவு, சிறுபோகத்துக்குப் பங்குதான் பிரிச்சவை; எனக்கு அரை ஏக்கர் வந்தது. சித்தப்பாவின்ர கராச் இருந்த காணியில இப்ப ஆரோ கடை கட்டுகினம், அந்தப் புளி மட்டும் நிக்குது. அம்மாவுக்கு முழங்கால் நோ குறையேல்லை, உன்னைத்தான் கேக்கிறா.

அடுத்த கடிதத்தில எத்தினையில தொடங்கி எத்தினையில அடங்குது, ஸ்ரியறிங்கிலயோ சீற்றிலயோ, பெடலை விட்டால் என்ன செய்யுது எண்டு வடிவா எழுது. "கார் நடுங்குது" எண்டு மொட்டையா எழுதினால் நானும் மாட்டின்ர பயம் எண்டுதான் பதில் போடுவன்.

உன்ர மச்சான்